சாந்தமாக விசுவசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில், இரவு பத்து மணிக்கு மேல் வரும் போனில் என்று பல இடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. நான் போதகர் அல்ல, சபையில் வேதபாடம் நடத்தும் ஒரு விசுவாசி. வேத வசனங்களைப் பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேத மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

சாந்தம் என்றால் மெதுவாகப் பேசுவதா?

இல்லை. மெதுவாகப் பேசிக்கொண்டே வீட்டில் எல்லோரையும் நடுங்க வைக்கிறவர்கள் உண்டு. குரல் பெரிதாக இருந்தும் ஒருவர் மனதையும் மிதிக்காதவர்களும் உண்டு.

"நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாயிருக்கிறேன்" என்று இயேசு தம்மைப் பற்றிச் சொன்னார் (மத்தேயு 11:29). அவர் யாரிடம் சாந்தமாக இருந்தார் என்று பாருங்கள். சீஷர்கள் அதட்டிய பிள்ளைகள், நடுப்பகலில் தனியாகத் தண்ணீர் மொள்ள வந்த சமாரிய ஸ்திரீ, ஊரே வெறுத்த சகேயு. கடுமையாக இருந்தது யாரிடம்? "சுமப்பதற்கரிய பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல்" சுமத்துகிறவர்களிடம் (மத்தேயு 23:4). ஆகவே ஒருவருடைய சாந்தத்தைத் தெரிந்துகொள்ள நான் அவருடைய ஜெபத்தைக் கேட்பதில்லை. அவரிடம் எதிர்த்துப் பேச முடியாதவர்களைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, மருமகள், படுக்கையில் கிடக்கும் தகப்பனார், ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே வரும். சாந்தத்தை வேறு எங்கே சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படி இருந்தால் ஏறி மிதித்துவிடுவார்களே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. "கிறிஸ்தவன் என்றால் பொறுத்துப் போகணும்" என்ற பேச்சை, பொறுத்துப் போகத் தேவையே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள்.

பிரதான ஆசாரியன் முன்பாக ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது என்ன நடந்தது? மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர், அங்கே ஒரு கேள்வி கேட்டார்: "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. ஆனால் நடந்தது அநியாயம் என்பதை அடித்தவன் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குத் தெரிந்த சாந்தம் இதுதான்.

நம் பக்கத்திலேயே இதை வாழ்ந்து காட்டிய இருவர் உண்டு. திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும். இருவரும் டாக்டர்கள். ஊர் மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். ஒரு இந்தியர் மூத்தவராகவும், ஆளும் இனத்தில் பிறந்த வெள்ளையர் தம்பியாகவும் இருந்த காலம் எது என்று யோசித்துப் பாருங்கள். வசதியான குடும்பத்துப் பிள்ளையான பேட்டன் கதர் உடுத்தினார். 1932-ல் சட்டமறுப்பு நாட்களில் சென்னைத் தெருவில் போலீசார் அவரை அடித்தார்கள். தன் சொந்த அரசின் போலீஸ். சாந்தகுணம் உள்ளவர்களுக்கு முதுகெலும்பு இருக்காது என்று நினைக்கிறவர்களிடம் நான் சின்னண்ணனைப் பற்றித்தான் பேசுவேன்.

எல்லாம் கிருபை என்றால், இஷ்டம்போல வாழலாமா?

பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்பது ரோமர் 6-ம் அதிகாரத்தின் தொடக்கம்.

ஆனால் நம் சபைகளில் நான் பார்க்கும் நோய் இதற்கு நேர் எதிரானது. கிருபையைச் சாக்காக வைத்துத் துணிந்து பாவம் செய்கிறவர்களைவிட, கிருபை தனக்கு இல்லை என்று பயந்து சாகிறவர்கள்தான் அதிகம். காலையில் வேதம் வாசிக்கத் தவறினால் அன்று ஏதாவது கெட்டது நடக்கும் என்று நம்புகிற அக்காமார் எத்தனை பேர்! உபவாசத்தை முறித்ததால்தான் மகன் பரீட்சையில் தோற்றான் என்று அழுகிற தாய்மார் எத்தனை பேர்! இது கிறிஸ்தவம் இல்லை. கணக்குப்பிள்ளைக்குப் பயந்து வாழ்கிற வாழ்க்கை. "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. ஈவு வாங்கினவர் அதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.

கிருபை ஒருவரிடம் வேலை செய்கிறதா என்பதை, அவர் அடுத்தவருடைய தவறை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் பார்த்துவிடலாம். பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், வெளியே வந்ததும் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்த கதை மத்தேயு 18-ல் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கமிட்டிக் கூட்டங்கள்தான் நினைவுக்கு வரும்.

எனக்கு வந்த நோய் நான் செய்த பாவத்துக்குத் தண்டனையா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் புற்றுநோய் வார்டில் இருப்பவர்கள், அல்லது குறைப்பிரசவத்தில் குழந்தையை இழந்தவர்கள். யாரோ ஒருவர் வந்து ஜெபித்துவிட்டு, "உங்க வாழ்க்கையில அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா, ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

பிறவிக்குருடனைப் பார்த்து சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9:3). நோயாளியிடம் போய் அவர் பாவத்தைத் துருவ யாருக்கும் இந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்பட்டது விளக்கம் சொன்னவர்கள்மேல், கத்திக் கதறிய யோபுவின்மேல் அல்ல.

ஆகவே நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அவர்களுக்குக் களைப்பாக இருக்கும். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் வேறு மதத்தவர் இருப்பார், சத்தத்தைக் குறையுங்கள். யாருக்கோ இதே வியாதி வந்து இறந்துபோன கதை வேண்டவே வேண்டாம். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் "இயேசு கண்ணீர்விட்டார்" என்று இரண்டே வார்த்தையில் ஒரு வசனம் இருக்கிறது. எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் முதலில் அழுதார்.

என்னால் மன்னிக்கவே முடியவில்லை. நான் கிறிஸ்தவன்தானா?

ஆம். மன்னிக்க முடியவில்லையே என்று வலிக்கிறவர் ஏற்கெனவே அந்தப் பாதையில்தான் இருக்கிறார்.

2006 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரில், ஆமிஷ் கிறிஸ்தவர்களின் ஒற்றையறைப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தான். அன்றே ஆமிஷ் மக்கள் சிலர் அவனுடைய குடும்பத்தாரைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவனை அடக்கம் செய்தபோதும் அவர்கள் திரளாக வந்து நின்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் அதில் இருந்தார்கள். அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உதவினார்கள். பின்னாளில் அவனுடைய தாய், சுடப்பட்டு உடல் முடங்கிப்போன சிறுமி ஒருத்தியைக் கவனிக்க வாரந்தோறும் போய்வந்தார். கொன்றவனின் தாயை அந்த வீட்டுக்காரர்கள் உள்ளே விட்டார்கள்.

இதைச் சொன்னால் பலருக்குப் பயமாக இருக்கிறது. நம்மால் இது ஆகுமா என்கிறார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மக்கள் அன்று காலையில் திடீரென்று மன்னிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்பதைத் தலைமுறை தலைமுறையாக நிஜமாகவே எடுத்துக்கொண்டவர்கள். எல்லைக்கல் சண்டையிலும் பால் கணக்கிலும் பழகாததை நாம் பெரிய துயரத்தில் செய்துவிட முடியாது. அவர்களுக்கும் கோபம் இல்லாமல் போகவில்லை, அழுகை நிற்கவில்லை. விட்டுக்கொடுத்தது பழிவாங்கும் உரிமையை. துக்கத்தை யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வேறு வேறு. பணத்தை ஏமாற்றிய மைத்துனரை மன்னிக்கலாம். அதற்காக அடுத்த சீட்டுக்கும் அவரிடமே பணம் கட்ட வேண்டும் என்பதில்லை.

கணவர் அடிக்கிறார். "ஜெபம் பண்ணிப் பொறுத்துக்கோம்மா" என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அம்மா வீடு, அக்கா வீடு, நம்பிக்கையான தோழி வீடு, எதுவானாலும் சரி. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் எந்நேரமும் இயங்குகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-ல் வந்தது. அதன்கீழ் உங்களை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடலாம், பராமரிப்புத் தொகையும் கேட்கலாம்.

போலீசுக்குப் போவது அவிசுவாசம் ஆகாது. பவுல் தன்னைச் சவுக்கால் அடிக்கப் போனபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லித்தான் தப்பினார் (அப்போஸ்தலர் 22). சட்டம் கொடுத்த பாதுகாப்பை அவர் கேட்டு வாங்கினார். நீங்களும் வாங்கலாம். "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்" என்ற கொலோசெயர் 3:19-ஐ அந்தக் கணவருக்கு எத்தனை முறை வாசித்துக் காட்டினீர்கள் என்று, உங்களைப் பொறுக்கச் சொன்னவர்களிடம் கேளுங்கள்.

சபை மூப்பர்களுக்கும் சொல்கிறேன்: அடிபட்டவரையும் அடித்தவரையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சமரசம் பேசாதீர்கள். அவர் எதிரில் அந்தப் பெண்ணால் உண்மையைச் சொல்ல முடியாது.

அடுத்த வீட்டு இந்துக்கள் பண்டிகைக்குத் தரும் பலகாரத்தை வாங்கலாமா?

வாங்குங்கள். கொரிந்து சபையிலும் இதே குழப்பம் இருந்தது. "விசுவாசமில்லாதவர் ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போங்கள், முன்வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள்" என்பதுதான் 1 கொரிந்தியர் 10:27-ன் சாரம். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்றும் அடுத்த வசனம் சொல்கிறது. ஆகவே சாப்பிட மனசில்லாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் போய்க் குப்பையில் போடுகிறார்களே, அது வேண்டாம். அதிகாலையில் எழுந்து முறுக்குச் சுட்டவரின் உழைப்பு அது. படையல் என்றால், "இது மட்டும் எங்களுக்குப் பழக்கமில்லைக்கா, மற்றதைக் கொடுங்க" என்று நேராகச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று நாம் கேக்கும் பிரியாணியும் கொண்டுபோகும்போது அவர்கள் எவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சுவிசேஷம் சொல்ல வேண்டாமா?

சொல்லலாம், கேட்டால். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறது 1 பேதுரு 3:15. உத்தரவு என்றால் பதில். கேள்வி வரும்படி நாம் வாழ்ந்திருக்க வேண்டும். விடிய விடிய ஒலிபெருக்கி வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் கைக்குழந்தைக்காரர்களும் தூங்க முடியாமல் செய்வதை அன்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அடுத்தவர் கும்பிடும் தெய்வத்தை மேடையில் கேலி செய்வதும் அப்படியே. எபேசுவில் பவுலும் கூட்டாளிகளும் அவர்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). நம் ஊர் அதிகாரி நம்மைப் பற்றி அப்படிச் சொல்வாரா?

சபைக்குள் சாதி இருக்கிறதே, அங்கே சமாதானம் எப்படி?

இந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு அன்பைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேசவே கூடாது.

இது பழைய காயம். இன்றும் நாம் பாடும் எத்தனையோ கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், எல்லாச் சாதியாரையும் ஆலயத்தில் கலந்து உட்கார வைக்க இளம் மிஷனரிகள் முயன்றபோது அதை எதிர்த்து எழுதினார். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சாதி வேறுபாட்டைத் திருச்சபை அடியோடு கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பியதும், தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து நிற்கும் சுவர் பலமுறை செய்தியானது. செத்த பிறகும் சுவர்.

பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவனுக்குப் பாதபடி என்று உட்கார வைப்பதை யாக்கோபு 2-ம் அதிகாரம் கண்டிக்கிறது. இன்று ஆலயத்தில் யாரும் அப்படிப் பிரித்து உட்கார வைப்பதில்லை என்று சொல்வார்கள். சரி, கல்யாண விளம்பரத்தைப் பாருங்கள். "ஆவிக்குரிய குடும்பம்" என்று போட்டு, அடுத்த வரியிலேயே சாதியைப் போடுகிறோம். சபைத் தேர்தலில் ஓட்டு எப்படி விழுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் சமாதானம் பேசுகிறவர்கள், "பழசைக் கிளறாதீங்க" என்று சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். அது மேலே இருக்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற சமாதானம். திருநெல்வேலிப் பக்கத்து அசனப் பண்டிகையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பந்தலில் ஒரே சோற்றைச் சாப்பிடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த ஆராதனை அது. அந்தப் பந்தலுக்கு வெளியே, நம் வீட்டு அடுக்களை வரைக்கும், நம் பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரைக்கும் அந்தப் பந்தி நீள வேண்டும். உங்கள் மகளோ மகனோ வேறு சாதியில் ஒருவரை விரும்பி வந்து நிற்கும் நாளில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மகன் ஆலயத்துக்கு வரமாட்டேன் என்கிறான்.

எத்தனை வயது? இருபதுக்கு மேல் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருங்கள். பல பிள்ளைகளுக்குத் தேவனோடு சண்டை இல்லை. நாம் ஆலயத்தில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் நடந்ததைப் பார்த்துக் கசந்திருக்கிறார்கள். "மங்கியெரிகிற திரியை அணையாமலும்" இருப்பவர் நம் ஆண்டவர் (ஏசாயா 42:3). நாம் ஊதி அணைக்காமல் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் மட்டும் அவன் ஆலயத்துக்கு வராததைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமாதானம் இருந்தால் கவலையே வராதா?

வரும். கெத்செமனேயில் இயேசு வியாகுலப்பட்டார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து "என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டபோது, தூதன் வேதபாடம் எடுக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்க விட்டான். மறுபடி சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற நாம் மனச்சோர்வுக்குச் சாப்பிட ஏன் வெட்கப்பட வேண்டும்?

காணிக்கை குறைவாகப் போட்டால் ஆசீர்வாதம் குறையுமா?

குறையாது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லும் ஊழியக்காரரை விட்டு விலகுங்கள்.

ஜெபிக்க எங்கே நேரம்?

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணிநேரம் ஜெபிக்க முடிகிறவர்கள் ஜெபிக்கட்டும். அதே நேரத்தில் எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டி அனுப்புகிற பெண்ணிடம், நீ ஜெபிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஒரு சங்கீதம் போதும். 23, 121, 131 மூன்றும் சிறியவை. 131-ல் மூன்றே வசனம். பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் ஒரு நிமிடம் எதையும் கேட்காமல் இருந்து பாருங்கள். நம் ஜெபங்களில் விண்ணப்பப் பட்டியல் மிக நீளம்.

குடும்ப ஜெபம் இருக்கும் வீடுகளில் ஒரு கோரிக்கை: பிள்ளைகளைத் திட்ட ஜெபத்தைப் பயன்படுத்தாதீர்கள். "ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும், போனை நோண்டுகிறதை நிறுத்தும்" என்று பிள்ளை முட்டிபோட்டு இருக்கும்போது சொன்னால், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது வசவைத்தான், ஜெபத்தை அல்ல.

நான் போகும் சபையில் பயமுறுத்தல்தான் அதிகம். சபையை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் கோபத்தில் வேண்டாம். முதலில் போதகரிடம் தனியாக ஒருமுறை பேசுங்கள். "ஐயா, போன வாரப் பிரசங்கத்துக்கு அப்புறம் என் பொண்ணு ராத்திரி தூங்கல" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நல்ல போதகர்கள் இதைக் கேட்டு வருத்தப்படுவார்கள், பலர் மாறியும் இருக்கிறார்கள். கேள்வி கேட்டதற்காகவே உங்களைக் கலகக்காரர் என்று மேடையில் குத்திக்காட்டினால், அங்கே நீங்கள் இருக்க வேண்டியதில்லை. "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" (1 யோவான் 4:18).

புதிய சபையைத் தேடும்போது பாட்டையும் பிரசங்கத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். தனியாக வந்த விதவையிடம் யாராவது பேசுகிறார்களா, வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறதா, ஓடியாடிக் கத்துகிற குழந்தைகளை எப்படி அதட்டுகிறார்கள், சக்கர நாற்காலி உள்ளே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய சபையிலிருந்து உறுப்பினர் மாற்றக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.